இடுப்புக் கூடையும் இருபத்துநாலு தகரமும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் அதை நம்பினேன்.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் இனிமேல் கொழுந்துக் கூடையை முதுகில் போடக்கூடாது, இடுப்பில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி சட்டம் போட்டுவிட்டதாக, முழுசாக மூன்று நாள் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு சொன்னேன்!

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு என் பள்ளிக்கூடம் பழக்கம். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் பாதையில் பிரிந்து மேலே ஏறினால் ஒரு தோட்டம் வரும். பெயர் வேண்டாம், எனக்கு இந்த உத்தியோகம் இன்னும் கொஞ்ச காலம் வேண்டும். அங்கே முன்னொரு காலத்தில் மாடு கட்டிய கொட்டகையில் இப்போது பிள்ளைகள். நாலு பக்கமும் அரைச் சுவர். மேலே மானாப் புல் கூரை. அந்தக் கூரையின் குணம் என்னவென்றால், வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே விடாது.

ஐப்பசியில் மழை பிடித்தால் பள்ளிக்கூடத்தை மூடவேண்டியதுதான். மூடுவதில் எனக்கென்ன வருத்தம்... நானும் மனுஷன்தானே. வருத்தம் திறக்கும்போதுதான். மழைக்காலத்தில் சும்மா இருக்கும் பிள்ளையைக் கங்காணி மலைக்குக் கூப்பிட்டுக்கொள்வார். புல் பிடுங்கினால் அரை நாள் வேலை என்று கணக்கில் பெயர் விழும். அரைப் பேர் விழுந்த பிள்ளை திரும்பி வந்து சிலேட்டைத் தொடாது. போன மழைக்கு மூன்று பேரை அப்படி இழந்தேன். இந்த மழைக்கு யார் என்பதும் தெரிந்துதான் இருந்தது. பேச்சி. ஒன்பது வயசு. என் பள்ளிக்கூடத்தில் தடங்காமல் வாசிக்கும் ஒரே பிள்ளை அவள். (வாத்தியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்பாள் என் வீட்டுக்காரி.)

மழைக்கு முன்னால் கூரைக்குத் தகரம் வந்தால் பேச்சி தப்பினாள். வராவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

தகரம் கேட்டு நான் போட்ட மனுக்களை அடுக்கியிருந்தால் அதுவே ஒரு கூரையாகியிருக்கும். பதில் வந்ததேயில்லை. கடைசியில் ஒரு நாள் தபால்காரர் பெரிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். பிரித்தால்... பாட அட்டைகள்! பத்து. ஒவ்வொன்றும் பேச்சி உயரம். சீமையில் அடித்த கலர் படங்கள், கீழே பெரிய எழுத்தில் தமிழ். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் கம்பெனி முத்திரை.

கூடவே ஒரு கடிதமும் ஒரு படிவமும். படிவத்தை ஆபீஸில் வைத்துக்கொண்டு, கடிதத்தைப் பெரிய கிளாக்கர் தமிழில் சொன்னார். கம்பெனி தன்னுடைய தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்காகச் சொந்தச் செலவில் இவற்றை அளிக்கிறது. விரும்பினால் மாட்டிக்கொள்ளலாம். கட்டாயமே இல்லை. மாட்டிக்கொண்டு, ‘பயனுள்ளவை’ என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பள்ளிக்கூடங்களுக்கு இருபத்துநாலு கூரைத் தகரம். மற்றப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் உசிதம்.

கட்டாயமே இல்லை! என் ஆயுளில் இத்தனை அன்பாக யாரும் என்னைக் கட்டாயப்படுத்தியதில்லை.

அலமாரிக்கு எங்கே போக? ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கிய எங்கள் வாசகப் புத்தகங்கள் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டன. ஒட்டகம், கப்பல், பனைமரம் என்று பாடங்கள். என் பிள்ளைகள் ஒட்டகத்தைக் கண்டதில்லை. அதனாலேயே ஒட்டகத்தின்மேல் அவர்களுக்கு அப்படியொரு மரியாதை. வாத்தியார் நாலு கால் என்றால் நாலு. ஆறு என்றிருந்தாலும் ஆறுதான்.

புது அட்டைகள் வேறு ஜாதி. முதல் அட்டையில் சூரியன் உதிக்கிறது — தேயிலைச் செடிமேல். இரண்டாவதில் மழை பெய்கிறது — அதே செடிமேல். மூன்றாவதில் பசு. பசு பால் தரும், அந்தப் பாலை எதில் ஊற்றுவோம்? சரியாகச் சொன்னீர்கள். ஒரு உலகப் படமும் உண்டு. கம்பெனித் தேயிலை போகும் நாடுகளுக்கெல்லாம் பச்சை வர்ணம். சீனா வெறும் வெள்ளை. அங்கே யாரும் குடியிருப்பதாகவே தெரியவில்லை. திருச்சிப் பக்கம் நான் பிறந்த ஊர், என் மாமனார் வீடு, எல்லாமே வெள்ளை. மாமனார் பூகோளத்திலிருந்து காணாமல் போனதில் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றுமில்லை. வீட்டுக்காரிக்குத்தான் கோபம்.

எட்டாவது அட்டையில்தான் வில்லங்கம் உட்கார்ந்திருந்தது.

அதில் ஒரு பெண். பட்டுப் புடவை மாதிரி ஏதோ கட்டியிருந்தாள். இடுப்பில் ஒரு கூடை. இடது கையால் அதை அணைத்துக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலால் ஒரு இலையைப் பூப்பறிப்பதுபோல் பறிக்கிறாள். கீழே எழுதியிருந்தது: ‘இவள் நல்ல பெண். விடியுமுன் எழுவாள். கூடை நிறையக் கொழுந்து எடுப்பாள். இவளுக்கு அலுப்பே தெரியாது.’

பேச்சியை வாசிக்கச் சொன்னேன். தடங்காமல் வாசித்தாள். வாசித்து முடித்துத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எங்கம்மாவுக்கு அலுக்கும்யா. வந்த ஒடனே வாசப்படியில காலை நீட்டி உக்காந்துரும். கூப்பிட்டாக்கூட எந்திரிக்காது.”

அவ்வளவுதான். பின்னால் இருந்தவர்கள் அவரவர் அம்மாவின் அலுப்பை எடுத்துக் கடைபரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தியின் அம்மா சோறு வாயில் இருக்கும்போதே தூங்கிவிடுவாளாம். அந்தப் போட்டியில் அவளுக்குத்தான் முதலிடம். இன்னொருத்தி, கூடை ஏன்யா இடுப்புல இருக்கு என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு அன்றே காது கொடுத்திருந்தால் இந்தப் பத்தியே பிறந்திருக்காது.

நான் என்ன செய்தேன்? பிரம்பால் மேசையைத் தட்டினேன். படிக்கிறதை மட்டும் படி என்றேன். அப்படியே அண்ணாந்து கூரையை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் பெரிய கங்காணி அந்தப் பக்கம் வந்தார். மீசையும் கோட்டும் வெள்ளித் தடியுமாக, நடந்து வரும்போதே ஒரு ஊர்வலம் மாதிரி இருப்பவர். எழுத்து வாசனை கிடையாது. ஆனால் முத்திரை வாசனை உண்டு. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் சுவரில் ஒட்டிய காகிதம் என்றாலே உத்தரவுதான். குடியிருக்கும் லயத்தில் ஆடு வளர்க்காதே, ஓடையில் குளிக்காதே, அம்மை குத்திக்கொள்ள வரிசையில் நில் — எல்லாம் ஆபீஸ் சுவரில் காகிதமாகத்தான் வரும், மூலையில் அதே முத்திரையோடு. சுவரில் தொங்கி, முத்திரையும் குத்தி, உத்தரவு இல்லாத ஒரு காகிதத்தை எங்கள் தோட்டம் அதுவரை கண்டதில்லை.

கங்காணியார் அரைச் சுவருக்கு வெளியே நின்று எட்டாவது அட்டையை வெகுநேரம் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். மறுபடி கூடையைப் பார்த்தார்.

“வாத்தியாரே, இது கம்பெனிலேர்ந்து வந்ததா?”

“கம்பெனியேதான்.”

“கூடைய இடுப்புல வைக்கணுமாக்கும்?”

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன சொல்லியிருப்பான்? தெரியாதுங்க, விசாரிச்சுச் சொல்றேன் என்றிருப்பான். ஆனால் பெரிய கங்காணி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டது பதினாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வாத்தியாருக்குத் தெரியாது என்று வாத்தியாரே சொல்வதா? அதுவுமில்லாமல் எனக்கும் அப்படித்தான் பட்டது. சீமையில் படித்தவர்கள் வேலை மெனக்கெட்டுக் கலரில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். காரணமில்லாமலா?

“ஆமா கங்காணியாரே. புது முறை. மேலிடத்து ஏற்பாடு,” என்றேன்.

ஏற்பாடு என்ற வார்த்தை எனக்கே பிடித்துப்போயிற்று. முதுகுக்கு நல்லதாம், ரத்தம் சீராக ஓடுமாம், பெரிய டாக்டர்கள் ஆராய்ந்து கண்டதாம் என்று பக்கத்திலேயே நாலைந்து கொசுறும் போட்டேன். அவர் தலையாட்டியதைப் பார்த்து நானும் கூடவே நம்பிவிட்டேன். என் பொய்யை முதலில் நம்புகிற ஆள் எப்போதும் நானாகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில், பெண்கள் எல்லாம் வரிசையாக நிற்கும்போது, கங்காணியார் உத்தரவைச் சொல்லிவிட்டார்.

கொழுந்து எடுக்கும் மலையைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை. பார்க்காதவர்கள் ஒரு ஏணியில் செடி நட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூடையின் கயிறு தலையில், கூடை முதுகில். அப்போதுதான் இரண்டு கையும் சும்மா இருக்கும். இரண்டு கையாலும் கிள்ளி, திரும்பிப் பார்க்காமலே தோளுக்குமேலே பின்னால் போடுவார்கள். இப்போது ஒரு கை கூடைக்குப் போய்விட்டது. இடுப்புக் கூடை செடியில் இடிக்கிறது. கால் வழுக்கினால் கூடை முதலில் போகிறது, ஆள் பின்னால் போகிறாள். முதல் நாளே இரண்டு கூடை உருண்டு ஓடை வரைக்கும் போனதாகக் கேள்வி.

பேச்சியின் அம்மா மாரியாயி மத்தியானம் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். அரைச் சுவரில் கையை ஊன்றி அட்டையைப் பார்த்தாள்.

“இவதானா அது?” என்றாள். “வாத்தியாரையா, இவ எந்த லயத்துக்காரி? ஒரு நா எங்க நெரையில வந்து நிக்கச் சொல்லுங்க. ஒத்தக் கையில கொழுந்து எடுத்துட்டு இன்னொரு கையில கூடையக் கொஞ்சிக்கிட்டு நிக்கிறதுக்கு இது என்ன கல்யாண வீடா?”

பழகினால் வந்துவிடும் என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் விசாரணை. தோட்டத்துக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது கொழுந்து எடுத்திருக்கிறேனா என்று கேட்டாள் வீட்டுக்காரி. இல்லை. கூடை தூக்கியிருக்கிறேனா? சந்தைக் கூடை... என்று இழுத்தேன். “அதையும் நான்தான தூக்குறேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை குதிரையில் மலையைச் சுற்ற வந்தார்.

அவர் கண்ணில் பட்டது என்ன? எண்பது பெண்கள், எண்பது கூடை, எல்லாம் இடுப்பில். வேலை மெதுவாக நடக்கிறது. ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. பாவம் துரை, வேறு என்ன நினைப்பார்? ஸ்டிரைக் என்று நினைத்துவிட்டார்! கொழும்புப் பக்கத்தில் அப்படியெல்லாம் நடக்கிறது என்று பத்திரிகையில் படித்திருப்பார்போல. குதிரையை நிறுத்தி, இது யார் வேலை என்று கங்காணியைக் கேட்டிருக்கிறார்.

தொரை ஓடர்தான் தொரை, என்றிருக்கிறார் கங்காணி.

என் ஓடரா?

“கம்பெனி ஓடர் தொரை. பள்ளிக்கூடத்துல தொங்குது. வாத்தியார் படிச்சுச் சொன்னாரு.”

பத்து நிமிஷத்தில் ஆபீஸ் ஆள் என்னைத் தேடி வந்தான். எட்டாம் நம்பர் அட்டையையும் வாத்தியாரையும் துரை கொண்டுவரச் சொன்னாராம். அட்டையை முதலில் சொன்னதைக் கவனியுங்கள். அதை அவனே தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

நான் நிதானம் இழக்காதவன். கோட்டைப் போட்டேன், செருப்பை மறந்தேன். பாதி வழியில்தான் தெரிந்தது, கையில் இருப்பது குடை இல்லை, பிரம்பு. பிரம்போடு துரை முன்னால் போய் நிற்பதா? ஒரு தேயிலைச் செடிக்குள் செருகிவிட்டு நடந்தேன். அந்தச் செடியை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். நடக்க நடக்க மனசு பண்டாரவளையில் ரயில் ஏறிவிட்டது. கொழும்பு, தலைமன்னார், கப்பல், திருச்சி, மாமனார் வீட்டு வாசல். வாங்க மாப்ளே என்கிறார். மிச்சக் காலம் முழுக்க, பூகோளத்திலேயே இல்லாத ஒரு ஊரில்...

ஆபீஸில் துரை அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் நான் இன்னும் நிரப்பிக் கொடுக்காத அந்தப் படிவம். பெரிய கிளாக்கர் என்னை அடையாளம் தெரியாதவர்போல் நின்றார்.

“வாத்தியார். இந்தப் படம் சரியா, தப்பா?”

யோசித்துப் பாருங்கள். சரி என்றால், தோட்டத்தைக் குட்டிச்சுவராக்கிய உத்தரவு என்னுடையது. தப்பு என்றால், கம்பெனி கொடுத்த பாடத்தில் தப்புக் கண்டுபிடித்த முதல் வாத்தியார் நான். இருபத்துநாலு தகரமும் அப்படியே எழுந்து பறந்துபோகும். என் வாய் இதில் எனக்காகக் காத்திருக்கவில்லை.

“படம் ரொம்பச் சரி தொரை. நம்ம மலைதான் கொஞ்சம் சரிவா இருக்கு.”

கிளாக்கருக்கு இருமல் வந்தது. துரை என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். பிறகு அவர் தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இந்தப் படம் போட்ட ஆள் தேயிலைச் செடி பார்க்காத ஆள்,” என்றார்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! சொல்லலாம்தான். அவர் பங்களா ஒழுகாது.

படிவத்தை என் பக்கம் தள்ளினார். அதில் ஒரு இடத்தில் பிழை ஏதும் இருந்தால் எழுதவும் என்று கம்பெனியே கேட்டிருந்தது. நான் பேனாவைத் தொடாமல் நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

“கூடை எழுது,” என்றார். “தகரம் வரும்.”

எழுதினேன். பயனுள்ளவை என்றும் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கே பெண்களின் கூடை முதுகுக்குத் திரும்பிவிட்டது. கங்காணியார் மட்டும் ஒரு மாசம் என் பக்கம் திரும்பவில்லை. ஊர்வலம் இப்போது வேறு பாதையாகப் போயிற்று.

தகரம் வந்தது. மழைக்கு எட்டு நாள் முன்னால். மழையும் வந்தது, மூன்று மாசம். தகரத்தின்மேல் அது போட்ட சத்தத்தில் நான் சொன்ன பாடம் ஒருவருக்கும் கேட்கவில்லை. பிள்ளைகள் அதனால் ஒன்றும் நஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு பிள்ளைகூட அரைப் பேருக்குப் போகவில்லை. பேச்சி நனையாமல் உட்கார்ந்து வாசித்தாள். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். கொஞ்சம் சொல்லிக்கொள்ள விடுங்கள்.

போன வாரம் புதிய எட்டாம் அட்டை வந்தது. கம்பெனி சொன்னால் சொன்னதுதான். பிழையைத் திருத்தி அச்சடித்திருந்தார்கள். இந்தத் தடவை நேரில் பார்த்து வரைந்தவர் கை. தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, இரண்டு கையும் செடிமேல். செடிகூடச் சரிவில்தான் நின்றது.

செய்தி கேட்டு மாரியாயி வந்தாள். அதே அரைச் சுவர், அதே மாதிரி கையை ஊன்றினாள். மேலும் கீழும் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததில் கொஞ்சம் ஏமாற்றம் போலத்தான் இருந்தது.

“இப்ப சரி. இவ நம்ம ஆளு,” என்றாள். “கீழ என்னமோ எழுதியிருக்கே, அது என்ன வாத்தியாரையா?”

நல்ல பெண் என்று எழுதியிருக்கிறது என்றேன். அதோடு விட்டிருப்பேன். ஆனால் பேச்சிக்குத்தான் வாசிக்கக் கற்றுக்கொடுத்துத் தொலைத்திருக்கிறேனே! எழுந்து நின்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். தடங்காமல், கடைசி வரைக்கும்.

மாரியாயி கோபப்படவில்லை. சிரித்தாள்.

“அலுப்பே தெரியாதாமா? அப்ப இவளும் நம்ம லயத்துக்காரி இல்ல.”

தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். பேச்சி உட்காரவில்லை. நின்றபடியே என்னைப் பார்த்தாள். படிக்கிறதை மட்டும் படி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைத்தான் செய்திருந்தாள். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். புதுத் தகரம். ஒரு பொட்டு ஓட்டை கிடையாது.

அந்தப் படிவத்தில் பிழைகளுக்கென்று இரண்டு வரி விட்டிருந்தார்கள். நான் ஒன்றுதான் எழுதினேன்.